சிவந்ததெல்லாம் வைரம்

வைரம் என்றதும் முகம் மலர்கிறவர்களை எனக்கு ஆகாது. எங்கே வேலை என்று கேட்பார்கள். வைரம் செய்கிற கம்பெனியில் என்பேன். உடனே கேட்டவரின் கை காதுக்கோ மோதிர விரலுக்கோ போய்விடும். சேலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும் எங்கள் சனம் இதில் முதலிடம். "டூப்ளிகேட்டா?" என்று ஆரம்பிப்பார்கள். "அசல் மாதிரியே மின்னுமா?" என்று கேட்பார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நமக்குன்னா கொறச்சுக் கெடைக்குமில்ல?" என்பார்கள். டூப்ளிகேட் இல்லை அத்தை, இதுவும் வைரம்தான், பூமிக்கடியில் விளையாமல் ராசிபுரம் போகிற வழியில் ஒரு ஷெட்டுக்குள் விளைகிறது என்று ஒருமுறை பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். அத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப டூப்ளிகேட்தான்" என்றாள். அதோடு விளக்குவதை நிறுத்திக்கொண்டேன்.

நகைக்கு இல்லை என்று சொன்னால் இன்னும் மோசம். பிறகு எதற்கு வைரம் என்பார்கள். வைரத்துக்கு மூக்கையும் காதையும் தவிர வேறு போக்கிடம் உண்டு என்பதே இவர்களுக்கு ஒரு அவமானம் போலிருக்கும்.

நாங்கள் செய்ய வேண்டியிருந்தது ஒரு சின்னத் தகடு. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. வைரம் என்பது முழுக்க முழுக்கக் கரி அணுக்கள், வரிசை தப்பாமல் உட்கார்ந்திருக்கும். அதில் அங்கங்கே ஒரு கரி அணுவின் இடத்தில் நைட்ரஜன் அணு ஒன்றை உட்கார வைக்க வேண்டும். அதை ஒட்டிய இடம் காலியாக இருக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு வெளியூர்க்காரர், பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை, அப்படி. இந்த ஜோடியின் மேல் பச்சை ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும். கூடவே சரியான அலைவரிசையில் மைக்ரோவேவ் கொடுத்தால் அந்தச் சிவப்பு கொஞ்சம் மங்கும். அருகில் காந்தம் இருந்தால் மங்குகிற அலைவரிசை நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் காந்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மனித இதயம் துடிக்கும்போது எழுகிற துளியூண்டு காந்தத்தைக்கூட உடம்பைத் தொடாமல் இப்படி அளக்கப் பார்க்கிறார்கள். நகைக்காரன் எதைக் குறை என்று ஒதுக்குவானோ அதுதான் எங்களுக்குச் சரக்கு. இது எனக்கு ஆரம்பத்திலேயே பிடித்துப்போனது. குறையை வேண்டுமென்றே, அளந்து, வைக்க வேண்டிய இடத்தில் வைப்பது ஒரு மரியாதையான வேலை என்று நினைத்தேன். அதற்காகத்தான் வெளியூரில் இருந்த வேலையை விட்டுச் சேலத்துக்குத் திரும்பி வந்தேன்.

முதலாளி திருச்செங்கோட்டுக்காரர். ரிக் வண்டி வைத்துப் பல மாநிலங்களில் போர்வெல் போட்டுச் சம்பாதித்தவர். வாழ்நாளெல்லாம் கருங்கல்லைத் துளைத்தவருக்கு, கல்லைத் துளைக்கிற கல்லையே செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அதுவரை நியாயம். அந்த யோசனை வந்த நேரத்தில் டாக்டர் வந்து சேர்ந்ததுதான் வினை.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வெளிநாட்டில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிவிட்டு வந்து ஃபேர்லேண்ட்ஸில் ஃப்ளாட் எடுத்துக்கொண்டு, எங்கள் கம்பெனியின் அறிவியல் தலைவர் ஆனவர். அவர் ஆய்வகத்தில் ஒரு திருகாணியைத் திருகி நான் பார்த்ததில்லை. பேசுவார். படம் போட்டுக் காட்டுவார். ஒவ்வொரு படத்திலும் இந்தியா நடுவில் இருக்கும், அதிலிருந்து அம்புக்குறிகள் உலகமெங்கும் பாயும். அவர் முதலாளிக்குக் குவாண்டம் உணர்கருவியை விளக்கிய நாளில் நானும் இருந்தேன். பூமிக்கு அடியில் இருப்பதைக்கூடக் காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றார் டாக்டர். முதலாளி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க, அப்ப தண்ணி பாக்கலாமுங்களா?"

தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார். "ஃப்யூச்சர்ல எல்லாமே பாசிபிள் சார்."

உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கக் காட்டைச் சுற்றி வருகிற ஆளை நம்பி வண்டியை நிறுத்துகிற தொழிலில் இருந்து வந்தவர் முதலாளி. தேங்காய்க்குப் பதிலாக வைரம் என்றதும் உலைகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தேங்காய் வைத்திருப்பவனாவது வெயிலில் நடக்கிறான்.

வேலை நடந்தது என்னவோ எங்கள் கையால்தான். உலைக்குள் ஒரு வைரத் துண்டை விதைத் தகடாக வைத்து, மீத்தேனும் ஹைட்ரஜனும் விட்டு, மைக்ரோவேவால் சூடாக்கினால் உள்ளே ஊதா நிறத்தில் ஒரு பந்து எரியும். அதன் அடியில் வைரம் மெல்ல மெல்லப் படியும். அவசரப்பட்டால் கரியாகிவிடும். கரண்ட் போனால் அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. எனவே ஜெனரேட்டரும் பேட்டரியும் பிள்ளைத்தாய்ச்சியைப் போல் பார்த்துக்கொள்ளப்பட்டன. நான் ஒரு தகடு வளர்த்தேன். நைட்ரஜனைத் துளித்துளியாக விட்டு வளர்த்தது. உள்ளே அந்தக் காலி இடங்கள் விழுவதற்காக அதை வெளியூருக்கு அனுப்பி எலக்ட்ரான் கற்றையில் காட்டி வாங்கினேன். அங்கே முறை கிடைப்பதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும் காற்றில்லாத உலையில் சுட்டு, அமிலத்தில் வேகவைத்துக் கழுவினேன். தகட்டில் மெல்லிய ரோஸ் நிறம் ஏறியிருந்தது. பச்சை ஒளியில் மிதமாகச் சிவந்தது. மைக்ரோவேவ் கொடுத்தேன். வரைபடத்தில் எந்த இடத்தில் பள்ளம் விழ வேண்டுமோ அந்த இடத்தில் விழுந்தது. ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். பள்ளம் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தது. நான் அழுதேன் என்று சொன்னால் நாடகமாக இருக்கும், ஆனாலும் அழுதேன்.

டாக்டரும் ஒரு தகடு வளர்த்திருந்தார், அதாவது வளர்க்கச் சொல்லியிருந்தார். எலக்ட்ரான் கற்றை எல்லாம் தேவையே இல்லாமல் உலைக்குள்ளேயே எல்லாம் அமைந்துவிடும் என்பது அவருடைய சொந்த முறை. பெரிய தகடு, நல்ல வெள்ளை, கண்ணாடி மாதிரி. பச்சை ஒளியில் வைத்தால் ஒன்றும் இல்லை. மைக்ரோவேவ் கொடுத்தால் வரைபடம் நாமக்கல் ரோடு மாதிரி நேராகப் போனது. நான் சொன்னதற்கு, "கொஞ்சம் டைம் குடுங்க மேடம், செட்டாகும்" என்றார். தோசை மாவைப் பற்றிப் பேசுகிறார் என்று வெளியிலிருந்து வந்த யாரும் நினைத்திருப்பார்கள்.

இந்த நிலையில்தான் பெங்களூரிலிருந்து ஒரு கருவிக் கம்பெனி எங்களைப் பார்க்க வருவதாகச் சொன்னது. இதயத்தின் காந்தத்தை அளக்கிற கருவி செய்கிறவர்கள். ஒரு தகடு கொடுங்கள், தேறினால் இனி எங்களுக்கு வேண்டிய தகடெல்லாம் உங்களிடம்தான் என்றார்கள். தேறாவிட்டால் என்ன என்பதை முதலாளி எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"அதுக்கும் மேல என்னால தாக்குப் புடிக்க முடியாதுங்க. உலை அத்தனையும் நகைக்கல்லுக்கு மாத்தியுடறேன்."

அப்படி மாற்றினால் எனக்கு அங்கே வேலையில்லை. அது பெரிதில்லை. என் தகட்டுக்குப் பின்னால் வர வேண்டிய தகடுகள் எதுவும் வராது. அதுதான் பெரிது. ஆனால் நான் கவலைப்படவில்லை. தேறுகிற தகடு என் கையில் இருந்தது.

அந்த வாரம் ஆயுத பூசை. ஷெட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். உலைக்கு, ஜெனரேட்டருக்கு, கேஸ் சிலிண்டருக்கு, கம்ப்யூட்டருக்கு, காபி மெஷினுக்கு. எனக்கு அதில் ஆட்சேபம் கிடையாது. எங்கள் வீட்டிலும் புது வண்டி வாங்கினால் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்த தண்ணீர் தெளிப்போம். ஆனால் இன்ஜினுக்குள் ஊற்ற மாட்டோம். அன்று காலையில் ஆய்வகத்தைப் பூட்டி, சாவியை டாக்டரிடம் கொடுத்துவிட்டு நான் விடுமுறையில் போய்விட்டேன். அம்மாவை மேட்டூரில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது ஷெட்டில் எல்லோருடைய முகத்திலும் ஒரு பிரகாசம். டாக்டர் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மேடம், செட் ஆயிடுச்சு. சொன்னேன்ல?"

பச்சை லேசருக்கு அடியில் அவருடைய பெரிய தகடு இருந்தது. கண்ணைப் பறிக்கிற சிவப்பு. என் தகடு அதற்குப் பக்கத்தில் சீமெண்ணெய் விளக்கு மாதிரி மினுங்கியது. முதலாளி பச்சை ஒளிக்குப் போடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இப்படி ஆச்சு?" என்றேன்.

"மெச்சூர் ஆகியிருக்கு" என்றார் டாக்டர்.

வைரம் மெச்சூர் ஆகாது. நெல்லிக்காய் ஊறும், மாங்காய் பழுக்கும், வைரம் அப்படியே கிடக்கும். மைக்ரோவேவ் கொடுத்துப் பார்த்துவிடலாம், கொஞ்ச நேர வேலை என்றேன். என் தகட்டின் வரைபடம் இருக்கிறது, இதற்கும் ஒன்று எடுத்துவிட்டால் ஒப்பிடலாம் என்றேன்.

"கிராஃப் யாரு மேடம் பார்ப்பா? வர்றவங்களுக்கு ரெட் காட்டணும். விசிட் முடியட்டும், அப்புறம் அளந்துக்கலாம்."

முதலாளியைப் பார்த்தேன். அவர் இரண்டு தகட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் ஞாயத்தைச் சொன்னார்.

"கண்ணுக்குத் தெரியுதுங்களே அம்மிணி. பெருசு பெருசாத்தானுங்க எரியுது."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இங்கே கழுதைகள் கற்பூரத்தை மோந்தும் பார்க்கவில்லை. எது பெரிதாக எரிகிறது என்று பார்த்தார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஊரில், சிவந்ததெல்லாம் வைரம் ஆகிவிட்டது.

விருந்தினர்கள் வந்த நாளில் வாசலில் கோலம், உள்ளே சால்வை, மேசையில் முந்திரி. பெங்களூரிலிருந்து வந்தவர்களில் வைரத்தைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒருவர் கொள்முதல் பார்க்கிறவர், இன்னொருவர் அவருக்கு மேல் உள்ளவர். இவர் தலையாட்டினால் அவர் தலையாட்டினார். டாக்டர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு லேசரைப் போட்டார். தகடு சிவந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் பேச ஆரம்பித்தார். நம் முன்னோர்கள் அணுவைத் துளைத்தது, நாம் இப்போது அணுவுக்குப் பக்கத்தில் காலி இடம் விட்டது, என்று போய்க்கொண்டே இருந்தது.

நான் பேச்சைக் கேட்கவில்லை. தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மங்கிக்கொண்டே வந்தது.

முதலில் என் கண்தான் இருட்டுக்குப் பழகுகிறது என்று நினைத்தேன். இல்லை. ஆரம்பித்தபோது இருந்த சிவப்பு, அவர் முன்னோர்களை முடிப்பதற்குள் பாதியாகிவிட்டது. லேசர் படுகிற இடத்தில் மட்டும் மங்கியது, ஓரங்களில் அப்படியே இருந்தது. வைரத்துக்குள் இருக்கிற ஜோடி களைப்படையாது. நாள் முழுக்க ஒளியைப் பாய்ச்சினாலும் அதே சிவப்பைத்தான் தரும். வெளிச்சத்தில் வெளுத்துப்போவது ஒன்றே ஒன்றுதான். சாயம்.

குமாரபாளையத்துச் சாயப்பட்டறைகளைத் தாண்டித்தான் நான் கல்லூரிக்குப் போய்ப் படித்தேன். எது சாயம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் முந்திரியிடம் போனார்கள். நான் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தகட்டின் ஓரத்தை ஒரே ஒரு தடவை துடைத்து, பஞ்சை லேசருக்கு அடியில் வைத்தேன். பஞ்சு சிவந்தது. தகட்டைவிட அழகாகச் சிவந்தது.

கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் பூசையன்று யாரோ போட்ட வீடியோ இருந்தது. திறந்தேன். டாக்டர் பட்டு வேட்டியில் ஆய்வகத்துக்குள் நிற்கிறார். அறிவியலும் ஆன்மிகமும் ஒன்று என்று கேமராவிடம் சொல்கிறார். தன் தகடு இருக்கிற டப்பாவைத் திறந்து, மோதிர விரலால் தகட்டின் நடுவில் ஒரு பொட்டு வைக்கிறார். கும்பிடுகிறார். பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறார். துடைத்ததில் பொடி போய்விட்டது. ஸ்பிரிட்டில் கரைந்த சாயம் தகடு முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து குங்குமம் இடித்த காலம் போய்விட்டது. இப்போது கடையில் விற்கிற குங்குமத்தில் பாதிக்குச் சாயப்பொடிதான் நிறம் கொடுக்கிறது. அது பச்சை ஒளியில் எந்த வைரத்தையும் தோற்கடிக்கும். உலகத்தில் வேறு எந்த ஊர் ஆய்வகத்திலும் இந்தத் தப்பு நடக்காது. நடக்க வேண்டுமானால் அங்கே ஆயுத பூசை இருக்க வேண்டும், பொட்டு வைக்க ஒரு டாக்டரும் இருக்க வேண்டும்.

சரி, என் தகட்டைக் கொடுத்தனுப்புவோம் என்று லாக்கரைத் திறந்தேன். என் தகட்டின் டப்பா இருந்தது. உள்ளே மெத்தை மட்டும் இருந்தது.

முந்திரி மேசையில் இருந்த டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அதுவா? அது செகண்ட்ஸ் மேடம். நகைக்குக் குடுக்கச் சொல்லிட்டேன். சார் எடுத்துட்டுப் போயிட்டார்."

"எப்போ?"

"நீங்க பார்த்த அன்னைக்கே."

பக்கத்தில் வந்த முதலாளி தானே சொன்னார். "ஊட்டுக்காரி மூக்குத்திக்கு ஒரு கல்லு வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருந்தாளுங்க. நம்ம கம்பெனிக் கல்லாவே இருக்கட்டும்னு குடுத்தேன். அறுத்துப் பட்டை போட்டு வந்தாச்சுங்க."

அங்கேயே வைத்துச் சொன்னேன். நீங்கள் காட்டியது குங்குமம். மூக்குத்தியாகப் போனது தகடு. பஞ்சைக் காட்டினேன். வீடியோவைக் காட்டினேன். டாக்டர் பஞ்சைப் பார்க்காமலே அது 'சர்ஃபேஸ் எஃபெக்ட்' என்றார். முதலாளி பஞ்சைப் பார்த்தார், வீடியோவைப் பார்த்தார். கடைசியில் அவர் பிடித்துக்கொண்டது வேறொன்றை.

"அம்மிணி, சாமி குங்குமம் நம்மளக் கெடுக்குமுங்களா?"

கோயில் வாசலில் அத்தையிடம் விளக்குவதை நிறுத்திக்கொண்டதைப் போல இங்கேயும் நிறுத்திக்கொண்டேன். அவர்களிடம் எனக்கு அதற்குமேல் கோபம்கூட இல்லை. கோபத்துக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. எனக்கு வந்தது அருவருப்பு.

பெரிய தகடு சால்வை போர்த்தாத குறையாகப் பெங்களூருக்குப் போனது. அங்கே அதைக் கையில் வாங்கியவர் எங்கள் டாக்டரைப் போல ஆன்மிகவாதி இல்லை போலும். எந்தத் தகடு வந்தாலும் முதலில் செய்கிறதைச் செய்திருக்கிறார். அமிலத்தில் வேகவைத்துக் கழுவியிருக்கிறார். பதில் சுருக்கமாக வந்தது. இது நல்ல, சுத்தமான, சாதாரண வைரம், எங்கள் வேலைக்கு உதவாது, திருப்பி அனுப்புகிறோம். டாக்டர் அந்தப் பதிலில் 'நல்ல', 'சுத்தமான' என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டினார். பிறகு வேறு ஏதோ மாநிலத்தில் வேறு ஏதோ கம்பெனியின் அறிவியல் தலைவராகப் போய்விட்டார். அங்கேயும் படத்தில் இந்தியா நடுவில்தான் இருக்கும்.

முதலாளி சொன்ன சொல் தவறாதவர். உலைகளை நகைக்கல்லுக்கு மாற்றினார். இன்னொரு தகடு வளர்க்க அவகாசம் கேட்டேன். கற்றைக்குக் காத்திருக்க வேண்டிய மாதங்களைச் சொன்னதும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். நைட்ரஜன் குழாயை எந்த உலையிலிருந்து கழற்ற வேண்டும் என்று காட்டச் சொன்னார்கள். காட்டினேன். மூடி போட்டு அடைத்தார்கள். நான் கிளம்புகிற நாளில் முதலாளி, "ஊட்டுக்கு வந்து ஒருவாய் சாப்புட்டுட்டுப் போங்க அம்மிணி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். எனக்கு அந்தச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. கல்லைப் பார்க்க வேண்டியிருந்தது. போனேன்.

திருச்செங்கோட்டில் மலை தெரிகிற மாதிரி கட்டிய பெரிய வீடு. முற்றத்தில் பழைய ரிக் வண்டியின் கல் துளைக்கிற பிட் ஒன்றைக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். முதலாளியின் மனைவி என்னை இதற்கு முன் பார்த்ததில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வாங்க சாமி. உக்காருங்க. உங்களப் பத்தி நெறையாச் சொல்லுவாருங்க."

இடது பக்க மூக்கில் கல் இருந்தது. சின்ன ஒற்றைக்கல். தகட்டில் பெரும்பகுதி அறுத்தவனின் பட்டறையில் தூளாகப் போயிருக்கும். மிச்சம் இது. ஜன்னல் வெளிச்சம் படும்போது அந்த மெல்லிய ரோஸ் நிறம் எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. என் கைப்பையில் பச்சை டார்ச் ஒன்று இருந்தது. எடுக்கவில்லை. சிவப்பைப் பார்த்தது போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தம்மா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். விரலால் கல்லைத் தொட்டுக்கொண்டார்.

"ஏஞ்சாமி, இது நல்ல கல்லுதானுங்களே? ரண்டாந்தரம்னு யாரோ சொன்னாங்களாமா."

திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டு என்ன செய்வது, பட்டை தீட்டிய கல்லைக் கருவியில் வைக்க முடியாது, வைக்கிற கருவியும் இனி எங்களுக்கு இல்லை.

"நல்ல கல்லுங்க" என்றேன். "அங்க நாங்க செஞ்சதுலயே இது ஒண்ணுதான் தேறின கல்லு."

அவருக்கு அது செய்தியாகவே படவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க சாமி. கொண்டாந்தப்பவே பாத்தேன், லேசாச் செவப்பு ஓடுச்சு. வைரத்துல செவப்பு இருந்தா தோசம்பாங்க, குடும்பத்துக்கு ஆவாது. அவரு சும்மா போட்டுக்கோன்னாரு. நான் ஒத்துக்கல. மூணு நாளு தலகாணிக்கடியில வெச்சுப் படுத்துப் பாத்தனுங்க. ஒரு கெட்ட கனாக்கூட வரல. அதுக்கப்பறந்தான் மூக்குல ஏத்துனேன்."

இலை போட்டார்கள். நான் சாப்பிட உட்கார்ந்தேன். சிவப்பைக் கண்டதும் கைதட்டாமல் சந்தேகப்பட்டு, சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் எனக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்.